ஏழாம் புள்ளி

இது நிஜமாக நடந்தது. நம்பாதவர்கள் என் வலது கையைப் பார்க்கலாம். நடுவிரலும் மோதிர விரலும் இன்றைக்கும் முழுதாக மடங்காது. சட்டைப் பொத்தானைப் போட்டுவிட மனைவிதான் வர வேண்டியிருக்கிறது.

பேய் என்றதும் நடுநிசி, நாய் ஊளை, அணைந்து போகும் விளக்கு என்று எதிர்பார்ப்பீர்கள். அதெல்லாம் இதில் கிடையாது. பட்டப்பகலில் நடந்தது. காலை பதினொன்று நாற்பத்திரண்டிலிருந்து பன்னிரண்டு ஐந்து வரை. என் தொழிலில் நேரத்தைக் குறிக்காமல் எதையும் எழுத மாட்டோம். அதனால் உறுதியாகச் சொல்கிறேன், இருபத்து மூன்று நிமிஷம்.

முதலில் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். சுவரை உடைக்காமல் அதற்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பது என் வேலை. வயிற்றுக்குள் இருக்கும் குழந்தையை ஸ்கேனில் பார்க்கிறார்களே, கிட்டத்தட்ட அதேதான். தைல டப்பா அளவில் இரண்டு புரோப். சுவருக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, இரண்டும் நேருக்கு நேராக. ஒன்று ஒலியை அனுப்பும், மற்றது வாங்கும். அந்த ஒலி மனிதக் காதுக்குக் கேட்காது. எவ்வளவு நேரத்தில் போய்ச் சேர்ந்தது என்பதை மிஷின் எண்ணாகக் காட்டும். கான்கிரீட் நன்றாக இருந்தால் ஒலி விரைவாகப் போகும். உள்ளே ஓட்டை இருந்தால் சுற்றிக்கொண்டு போகும், எண் ஏறும். புரோப்பில் கிரீஸ் தடவித்தான் வைக்க வேண்டும். காகித அளவு இடைவெளி இருந்தாலும் மிஷின் ஊமையாகிவிடும்.

இந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். என் ஜோடி என் மனைவியின் தம்பி. நின்ற இடத்தில் நிற்க மாட்டான், அதனால் வீட்டில் அவனுக்குப் பம்பரம் என்று பெயர். இரண்டு பிள்ளைகளுக்கு அப்பாவான பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. கோபம் வந்தால் மட்டும் பம்பரம் சாட்டையாகிவிடும்.

சுவருக்கு அந்தப் பக்கம் நிற்பவன் என் கண்ணுக்குத் தெரிய மாட்டான், நானும் அவன் கண்ணுக்குத் தெரிய மாட்டேன். அதனால் எங்களுக்குள் ஒரு கணக்கு உண்டு. நான் "வை" என்பேன். புரோப்பை வைத்ததும் அவன் சுவரில் இரண்டு முறை தட்டுவான். டொக்... டொக். மூன்று தட்டினால் ‘கொஞ்சம் பொறுங்க, வர்றேன்’ என்று அர்த்தம். ஒன்பது வருஷமாக இப்படித்தான்.

அந்தப் பழக்கம் ஆரம்பித்ததே இந்தக் கட்டடத்தில்தான்.

ஒன்பது வருஷத்துக்கு முன் அடித்தளத்தில் லிஃப்ட் சுவரைக் கட்டினார்கள். கான்கிரீட் ஊற்றிப் பதினெட்டு மணி நேரம் ஆகியிருந்தது. பலகையைப் பிரிக்கலாமா என்று பார்த்துச் சொல்லக் கூப்பிட்டார்கள். புரோப் வைக்கப் புள்ளிக்குப் புள்ளி பலகையில் துளை போட்டிருந்தார்கள். மேலே பம்ப் ஓடிக்கொண்டிருந்தது, பக்கத்தில் நின்று பேசினாலே காதில் விழாது. தொண்டை கிழியக் கத்திப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கத்திலிருந்து டொக் டொக் என்று சத்தம் வந்தது. பரவாயில்லையே, பயலுக்கு மூளை வேலை செய்கிறதே என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் நான் ‘வை’ சொல்வதற்கு முன்பே தட்டினான். சொல்லி முடித்த பிறகும் தட்டினான். "முந்திரிக்கொட்டை! சும்மா தட்டாதடா!" என்று திட்டினேன். அப்புறம், ‘கேட்டுவிட்டது, போதும்’ என்பதற்காக, நானும் பேனாவால் இரண்டு தட்டுத் தட்டினேன். அதோடு நின்றுவிட்டது. சாயங்காலம் வேனில் போகும்போது, "தட்டுறது வசதியாத்தான் இருக்கு, இனிமே இப்படியே வச்சுக்கலாம்" என்றேன். "ஆமா மாமா, கத்த வேண்டாம்" என்றான்.

அன்றைக்கு எல்லாப் புள்ளியிலும் எண் நூற்றுப் பதினெட்டுக்குப் பக்கத்தில் வந்தது. ஏழாம் புள்ளியில் மட்டும் நூற்று எழுபத்தொன்று. பக்கத்தில் ‘ஈரம்’ என்று எழுதினேன். பலகையைப் பிரிக்கலாம் என்று கையெழுத்துப் போட்டேன்.

சில மாதத்தில் பங்காளிகளுக்குள் சண்டை வந்து கட்டடம் பாதியில் நின்றுபோனது. போன வருஷம் வேறு ஒருவர் வாங்கினார். அவருடைய சைட் என்ஜினியர் ஒரு பெண். முப்பது வயது இருக்கும், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற ரகம். என் பழைய ரிப்போர்ட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஏழாவது புள்ளியில மட்டும் ஏன் சார் இவ்வளவு?"

"ஈரம்மா. அப்போ பச்சைக் கான்கிரீட்."

"இப்போ காஞ்சிருக்கும்ல. இன்னொரு தடவை பாத்துடுங்க. இந்தச் சுவரை நம்பி நாப்பத்திரண்டு குடும்பம் வரப் போகுது."

எனக்குச் சுருக்கென்றது. இருபத்திரண்டு வருஷத் தொழிலில் என் ரிப்போர்ட்டில் ஒரு எண்கூடத் தப்பு என்று யாரும் சொன்னதில்லை. என் கையெழுத்துதான் என் பிழைப்பு. அது பொய் என்று ஆகிவிட்டால் நாளைக்கு ஒருத்தரும் என்னைக் கூப்பிட மாட்டார்கள். அந்தச் சுவர் நல்ல சுவர் என்று அவர் வாயாலேயே சொல்ல வைக்காமல் வீட்டுக்குப் போவதில்லை என்று முடிவு செய்துகொண்டேன். அன்றைக்கு என்னைக் கெடுத்தது அந்த வீம்புதான்.

பதினொன்று ஐந்துக்கு அடித்தளத்தில் இறங்கினோம். வெளியே வெயில் கொளுத்தியது. உள்ளே ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. எனக்கு ஒரு விளக்கு, அவனுக்கு ஒரு விளக்கு. அவன் மூலையைச் சுற்றிக்கொண்டு லிஃப்ட் குழிக்குள் இறங்கினான். குழி முழங்கால் ஆழம்தான். நான் நிற்கும் இடத்திலிருந்து அங்கே போகப் பதினான்கு எட்டு வைக்க வேண்டும். அவனுடைய புரோப்பின் கேபிள் தரையில் ஓடி, மூலையில் திரும்பி, குழிக்குள் போனது.

சுவரின் கனம் நாற்பது சென்டிமீட்டர். இரண்டு பக்கமும் சாக்பீஸால் புள்ளி குறித்தோம். ஏழாம் புள்ளி எனக்கு நெஞ்சு உயரம். குழியில் நிற்பவனுக்குத் தலை உயரம்.

பதினொன்று இருபதுக்கு ஆரம்பித்தோம். "வை." டொக்... டொக். தொண்ணூற்றைந்து. "வை." டொக்... டொக். தொண்ணூற்றாறு. ஆறு புள்ளியும் தங்கமாக வந்தன. மனசுக்குள் அந்த என்ஜினியரிடம் எப்படிப் பேசுவது என்று ஒத்திகையே பார்த்துவிட்டேன்.

பதினொன்று நாற்பத்திரண்டு. ஏழாம் புள்ளி.

"வை" என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்கு முன்பே தட்டல் கேட்டது.

டொக்... டொக்.

சத்தம் கொஞ்சம் மந்தமாக இருந்தது. அவன் எப்போதும் நாணயத்தால் தட்டுவான், கணீரென்று இருக்கும். இது அப்படி இல்லை. நாணயம் கீழே விழுந்திருக்கும், விரலால் தட்டுகிறான் என்று நினைத்துக்கொண்டு பொத்தானை அழுத்தினேன்.

எழுபத்தொன்று.

இப்படி வரவே வராது. ஓட்டை இருந்தால் எண் ஏறத்தான் வேண்டும். இறங்க வேண்டுமானால் ஒரே வழிதான் உண்டு, இரண்டு புரோப்பும் கிட்டே இருக்க வேண்டும். எழுபத்தொன்று என்றால் முப்பது சென்டிமீட்டர். சுவரோ நாற்பது.

"டேய், புள்ளியிலதானே வச்சிருக்க? நல்லா அழுத்து."

டொக்... டொக்.

நாற்பத்தேழு.

இருபது சென்டிமீட்டர்.

மிஷின்தான் மக்கர் பண்ணுகிறது என்று நினைத்தேன். புரோப்பைத் துடைத்தேன். புதிதாகக் கிரீஸ் தடவினேன். மிஷினை அணைத்து மறுபடி போட்டேன். பதினொன்று நாற்பத்தெட்டு. புள்ளியில் வைத்து அழுத்தினேன்.

இருபத்து நான்கு.

பத்து சென்டிமீட்டர்.

"பம்பரம்! விளையாடாதடா!"

டொக்... டொக்.

இந்த முறை காதுக்குக் கேட்டதைவிட உள்ளங்கைக்கு நன்றாகத் தெரிந்தது. என் கைக்கு நேர் பின்னால். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த சத்தம் இல்லை அது. சுவருக்குள்ளேயே...

பன்னிரண்டு.

ஐந்து.

ஐந்து என்றால் இரண்டு சென்டிமீட்டர். என் கட்டை விரல் அகலம்.

அப்போதுதான் முதுகுக்குப் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது.

"யார்கூட மாமா பேசிட்டு இருக்கீங்க?"

பம்பரம் நின்றுகொண்டிருந்தான். கையில் புதுக் கிரீஸ் டப்பா. முகமெல்லாம் வெயிலில் வந்த வியர்வை.

பதினொன்று ஐம்பத்தொன்று.

"நீ... எப்ப வெளிய போன?"

"பத்து நிமிஷமாச்சே. கிரீஸ் தீந்துடுச்சு. மூணு தட்டு தட்டினேன். நீங்களும் சரின்னு ரெண்டு தட்டினீங்களே?"

நான் தட்டவில்லை. மூன்று தட்டல் என் காதில் விழவும் இல்லை.

அவன் புரோப் குழிக்குள் கிடக்கிறது. பிடிக்க ஆள் இல்லை. கிரீஸும் இல்லை.

மிஷினைப் பார்த்தேன். நான் பொத்தானைத் தொடவே இல்லை. எண் தானாக மாறியது.

மூன்று.

ஒன்று.

கையை எடுக்க வேண்டும் என்று புத்தி சொன்னது. கை கேட்கவில்லை.

பூஜ்யம்.

உள்ளிருந்து ஒரே அடி.

புரோப் என் கைக்குள்ளேயே எகிறியது. இரண்டு விரல் முறிகிற சத்தம் எனக்கே கேட்டது. சுள்ளி ஒடிவது போன்ற சின்னச் சத்தம்தான். மல்லாக்க விழுந்தேன். விழுந்த இடத்திலிருந்து பார்க்கிறேன், தரையில் கிடந்த கேபிள் விறைத்துக்கொண்டு மூலைப் பக்கம் ஓடுகிறது. யாரோ அந்தப் பக்கம் சுருட்டி இழுக்கிறார்கள்.

பம்பரத்துக்கு என் கையில் ரத்தத்தைப் பார்த்ததும் கண் சிவந்துவிட்டது. பேய் என்ற எண்ணமே அவனுக்கு வரவில்லை. சைட்டில் எவனோ குழிக்குள் ஒளிந்துகொண்டு வம்பு பண்ணுகிறான் என்று நினைத்தான். சுவரோரம் கிடந்த கடப்பாரையை எடுத்தான்.

"எவன்டா அங்க? என் மாமா கையையா உடைக்கிற?"

"போகாதடா! அங்க யாரும் இல்லடா!"

ஓடிவிட்டான்.

பதினான்கு எட்டு. அவன் குழிக்குள் குதித்த சத்தம் கேட்டது. கடப்பாரை தரையில் விழுந்த சத்தம். அப்புறம்...

தொம்.

சுவர் அதிர்ந்தது.

தொம்.

"மாமா!"

தொம்.

மூன்றாவது அடிக்குப் பிறகு அவன் குரலில் வார்த்தை இல்லை. வெறும் சத்தம்தான்.

எப்படி எழுந்தேன், எப்படி ஓடினேன், தெரியாது. குழிக்குள் அவனுடைய விளக்கு கவிழ்ந்து கிடந்தது. அந்த வெளிச்சத்தில் பார்த்தேன். பார்த்ததை அப்படியே சொல்கிறேன், கூட்டவில்லை, குறைக்கவில்லை. பம்பரம் தனியாக இருந்தான். கால் கட்டை விரல் மட்டும் தரையில் பட்டுக்கொண்டிருந்தது. சட்டைக் காலர் பின்னால் கொத்தாகத் திரண்டிருந்தது, ஒரு முஷ்டி பிடித்தால் எப்படித் திரளுமோ அப்படி. அந்த முஷ்டி மட்டும் இல்லை.

அவன் தலை பின்னால் போனது. முன்னால் வந்து சுவரில் மோதியது.

தொம்.

தாடை கோணிவிட்டது. இரண்டு பல் என் காலடியில் வந்து விழுந்தது.

இடுப்பைக் கட்டிப்பிடித்து இழுத்தேன். என் பலம் முழுவதும் கொடுத்தேன். ஒரு அங்குலம் நகரவில்லை. எதிலோ என் காலடி வழுக்கியது. குனிந்து பார்த்தால் அவனுடைய புரோப். அதன் முகத்தில் கிரீஸ் தடவியதுபோல் கெட்டியாக, கறுப்பாக ஏதோ... கால் பட்டதும் தெரிந்தது. சூடாக இருந்தது.

"விட்டுடு... அவனுக்கு ரெண்டு குழந்தை இருக்கு... விட்டுடு..." கெஞ்சினேன். ஆண்பிள்ளை என்ற வெட்கமெல்லாம் போய் வாய்விட்டு அழுதேன்.

தொம்.

அப்போதுதான் கவனித்தேன். ஒவ்வொரு அடியும் ஒரே இடத்தில் விழுகிறது. ரத்தத்துக்கு நடுவில் சாக்பீஸ் வட்டம். அதற்குள் என் கையெழுத்தில் ஏழு.

அவன் மேல் அதற்குக் கோபமோ இல்லையோ, எனக்குத் தெரியாது. அது அவன் தலையைச் சுத்தியலாக வைத்துச் சுவரை உடைத்துக்கொண்டிருந்தது.

கடப்பாரையை எடுத்தேன். இரண்டு விரல் தொங்குகிறது. வலி தெரியவில்லை. நான் நல்ல சுவர் என்று கையெழுத்துப் போட்ட சுவர். அதே ஏழாம் புள்ளியில் ஓங்கிக் குத்தினேன்.

ஒன்று. இரண்டு. மூன்று.

நான்காவது குத்தில் சுவர் சொத்தென்று சத்தம் போட்டது. இருபத்திரண்டு வருஷமாக எனக்குத் தெரிந்த சத்தம். உள்ளே ஒன்றுமில்லாத சுவரின் சத்தம்.

எட்டு. ஒன்பது. பத்து.

பதினொன்றாவது குத்தில் கடப்பாரை உள்ளே போய்விட்டது.

ஓட்டையிலிருந்து ஒரு காற்று வந்து என் முகத்தில் பட்டது. நீளமாக, மெதுவாக... யாரோ ரொம்ப நேரம் அடக்கி வைத்த மூச்சு.

பம்பரத்தின் காலர் தளர்ந்தது. அவன் என் மேல் சாய்ந்தான்.

பன்னிரண்டு ஐந்து.

சத்தம் கேட்டுச் சைட் என்ஜினியர் டார்ச்சோடு ஓடி வந்தார். எங்களைப் பார்த்தார். அப்புறம் டார்ச்சை ஓட்டைக்குள் அடித்தார். அவர் கத்தவில்லை. "ஆம்புலன்ஸ், போலீஸ், ரெண்டும்" என்று மட்டும் பின்னால் வந்தவரிடம் சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

மீதியை நான் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக்கொண்டு படுத்திருந்தபோது அவர்தான் வந்து சொன்னார். லிஃப்டின் மின்சாரப் பெட்டி வைப்பதற்காக அந்தச் சுவரில் ஒரு பள்ளம் விடுவதாக இருந்ததாம். அதற்காகப் பலகையில் ஆள் குந்தும் அளவுக்கு ஒரு கூடு செய்து உள்ளே நிறுத்தியிருக்கிறார்கள். அதற்குள் ஒரு மனிதர் இருந்தார். கம்பி கட்டுகிறவர். கான்கிரீட் ஊற்றுகிற கூட்டத்தின் மேஸ்திரிக்கும் அவருக்கும் தகராறு. மேஸ்திரியும் இன்னும் இருவரும் இரும்புக் கம்பியால் அடித்திருக்கிறார்கள். செத்துவிட்டார் என்று நினைத்துக் கூட்டுக்குள் திணித்து, பலகை அடித்து, மேலே கான்கிரீட்டை ஊற்றிவிட்டார்கள். வேலை பிடிக்காமல் ஓடிவிட்டார் என்று அவர் மனைவியிடம் சொல்லியிருக்கிறார்கள். அந்த அம்மா ஒன்பது வருஷமாக சைட் சைட்டாகப் போய் விசாரித்துக்கொண்டிருந்தாராம். மேஸ்திரியைப் பிடித்துவிட்டார்கள், ஒப்புக்கொண்டும் விட்டான்.

"உடம்பைப் பாத்த டாக்டர் ஒண்ணு சொன்னாரு சார்" என்றார் என்ஜினியர். சொல்லலாமா வேண்டாமா என்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லும்மா."

"அடிச்ச அடியில அவர் சாகல. கூட்டுக்குள்ள காத்து இருந்திருக்கு. ஒரு நாளாவது உயிரோட இருந்திருப்பாராம். ஆனா தாடை ரெண்டா உடைஞ்சிருக்கு. கத்தியிருக்க முடியாது. விரல் மூட்டெல்லாம் தேஞ்சு போயிருக்கு."

எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. ஒன்பது வருஷமாக ஒரு விஷயத்தை ஒரு மாதிரியாகவே நினைத்துப் பழகிவிட்டால், கண்ணுக்கு முன்னால் கிடந்தாலும் தெரியாது.

பம்பரத்துக்கும் தாடை இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. கம்பி போட்டு வாயைக் கட்டியிருந்தார்கள். ஆறு வாரம் பேச்சே இல்லை. எது வேண்டுமானாலும் சீட்டில் எழுதிக் காட்டுவான். நான் அந்த நாளைப் பற்றிப் பேச்செடுத்தால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வான். பயம் என்று நினைத்தேன். என் மனைவியும், "அவனை விடுங்க, நோண்டாதீங்க" என்றாள்.

கம்பியைப் பிரித்த அன்றைக்கு நானும் அவனும் மட்டும் இருந்தோம். அவன் மனதை லேசாக்கலாம் என்று சிரித்துக்கொண்டே பழைய கதையை எடுத்தேன்.

"முதல் தடவை அந்தச் சுவரைப் பாத்தோமே, ஞாபகம் இருக்கா? வைன்னு சொல்றதுக்கு முன்னாடியே முந்திரிக்கொட்டை மாதிரி தட்டினியே..."

அவன் என்னையே பார்த்தான். கண் நிறைந்துவிட்டது.

"அதத்தான் மாமா ஆறு வாரமா சொல்லணும்னு இருந்தேன். எழுத மனசு வரல." தாடை வலித்தது போலிருக்கிறது, கையால் தாங்கிக்கொண்டான். "அன்னைக்கு நான் தட்டவே இல்ல. நீங்கதான் தட்டுறீங்கன்னு நெனச்சேன்."

பழைய ரிப்போர்ட் இப்போதும் என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. ஏழாம் புள்ளி, நேரம் காலை பத்து நாற்பது, நூற்று எழுபத்தொன்று, ஈரம். கீழே என் கையெழுத்து. அந்த நேரத்தில் அவர் உயிரோடு இருந்தார். எனக்கும் அவருக்கும் நடுவில் ஒரு பலகையும், இன்னும் இறுகாத நாலு விரல் கனக் கான்கிரீட்டும்தான்.

நான் திருப்பித் தட்டினேன். இரண்டு முறை.

அதற்குப் பிறகு அவர் தட்டவில்லை. யாரோ கேட்டுவிட்டார்கள், வந்துவிடுவார்கள் என்று காத்திருந்திருப்பார்.